மேல்வெளி எந்தப் பக்கம்

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், மேடம் வரப்பின் மேல் நின்று ஒரு கரண்ட் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் மடக்க மறந்த குடை. மறு கையில், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆய்விதழ். தலையை மூடியிருந்த முந்தானை நழுவித் தோளில் கிடந்தது. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தார், கணுக்கால்வரை சேறு. சுற்றிலும் நட்டுப் பச்சை பிடித்த பயிர். நான் சில அடி பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கம்பத்தில் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் பணிக்காலம் முழுவதும் காத்திருந்த ஒன்று அந்த நேரத்தில்தான் அவர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இப்போதும் அவரை நினைத்தால், வகுப்பறையில் நிற்கும் மேடம் நினைவுக்கு வருவதில்லை. அந்த வரப்பில் நின்றவர்தான் வருகிறார்.

எங்கள் கல்லூரி புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் இருந்தது. அங்கே மேடம் என்று அழைக்கப்பட்டவர்கள் பலர். ஆனால் அடைமொழி இல்லாமல் வெறுமனே மேடம் என்றால் அது அவர்தான். வில்லியனூரில் நெல் மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். மண்டிக்கு வரும் விவசாயிகளின் பேச்சைக் கேட்டபடி மூட்டைமேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்ததாகச் சொல்வார். அரசியல் அறிவியலில் முதுகலை முடித்து, அந்தப் பாடத்துக்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். அரசு ஒரு ஊருக்கு ஏன் வந்து சேர்கிறது, பக்கத்து ஊருக்கு ஏன் வராமல் போகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பாடமாக நடத்தியவருக்கு, வந்து சேர்ந்த அரசு அந்த ஊர் அடுப்பில் என்ன மாற்றம் செய்தது என்பதும் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அஞ்சல் வழியில் பொருளியலும் படித்தார். முனைவர் பட்டத்தை அதிலேயே வாங்கினார். பொருளியல் துறையில் ஆள் இல்லாமல் போன ஓர் ஆண்டில் கல்லூரி அவரை அங்கே மாற்றியது. அரசியல் அறிவியலில் ஆள் குறைந்தபோது வகுப்பெடுக்கத் திரும்ப அழைத்தது. இரண்டு துறை அறைகளுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் உண்டு. அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்தத் தாழ்வாரத்தில் நடந்தே கழிந்தது.

இரண்டு துறைக்காரர்களுக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. எங்கள் ஆள் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அரசியல் அறிவியல் அறையில் அவரைப் பொருளியல் மேடம் என்பார்கள். பொருளியல் அறையில் அவர் அரசியல் அறிவியலிலிருந்து வந்தவர். பொருளியலில் மூத்தவரான ஒரு சார் இருந்தார். நல்ல மனிதர், நாக்கு மட்டும் சும்மா இருக்காது. துறைக் கூட்டம் நடக்கும் நாளில் மேடத்தைத் தாழ்வாரத்தில் பார்த்தால், "இன்னிக்கு எந்தப் பக்கம் மேடம்?" என்பார். "டீ எந்தப் பக்கம் சூடா இருக்குதோ அந்தப் பக்கம் சார்" என்று மேடம் போய்க்கொண்டே இருப்பார். சிரித்தாலும் அது அவருக்கு வலித்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணலுக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்திருந்தார். இரண்டு முறையும் ஒரே கேள்வி. படித்தது ஒன்று, பட்டம் ஒன்று, நடத்துவது இரண்டும். அப்படியானால் உங்கள் பாடம் எது? இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பாதி என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். அதற்கு உங்கள் எழுத்தில் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டுரையை அவர் அதுவரை எழுதியிருக்கவில்லை.

நான் அவருடைய மாணவி அல்ல. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கடலோரக் குப்பம் ஒன்று எங்கள் ஊர். அப்பா படகுக்குப் போவார். அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியக் கூடையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போனவள் நான்தான் முதல். அதிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து அதன் மேடைக்கும் நடந்து போனேன். இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை தெரியும். தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன். இளங்கலையில் அரசியல் அறிவியல், முதுகலையில் பொருளியல். இடம் கிடைத்ததைப் படித்தேன், அவ்வளவுதான். கௌரவ விரிவுரையாளராக அந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று என் சான்றிதழ்களைப் பார்த்த மேடம், "அட, நீயும் தாழ்வாரத்து ஆளா?" என்றார். அவருக்கு அப்போது ஒரு சிறிய ஆய்வு நிதி கிடைத்திருந்தது. ஊர் ஊராக அலைய ஆள் வேண்டும் என்றார். சேர்ந்துகொண்டேன்.

ஆய்வின் கேள்வி எளிமையானது. பாகூர்ப் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் நிலம் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஒரு தெரு பாண்டி, சாலையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், இன்னும் கொஞ்சம் நடந்தால் மறுபடியும் பாண்டி. மண் ஒன்று, நெல் ஒன்று, கொண்டு கொடுக்கும் உறவுகூட ஒன்று, அரசுதான் இரண்டு. குருவிநத்தம் தாண்டி, அப்படிச் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இருந்த இரண்டு சிற்றூர்களை மேடம் தேர்ந்தெடுத்தார். அறுவடை முடிந்ததும் களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்கு நெல்லைத் தள்ளிவிடுவது யார், விலை ஏறும்வரை வீட்டில் வைத்திருக்கத் துணிவது யார் என்பதுதான் நாங்கள் கேட்டது. பாண்டிப் பக்கத்து ஊரில்தான் நெல்லை வைத்திருந்தவர்கள் அதிகம். மேடம் அதற்கு ஒரு காரணம் சொன்னார். எங்கள் பிரதேசம் சிறியது. எம்.எல்.ஏ.வை டீக்கடையில் பிடித்துவிடலாம். பயிர் அழிந்தால் நிவாரணம் கேட்க ஒரு பேருந்து தூரம் போதும். அரசு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் விவசாயிக்கு அந்தத் துணிவு வருகிறது என்பது அவருடைய முடிவு. அரசியல் அறிவியல் தெரியாமல் இந்தப் பொருளியலைச் சொல்ல முடியாது. தேர்வுக் குழு கேட்ட சான்று இதுதான்.

கரிக்கலாம்பாக்கத்தில் பேருந்து மாறி, இரண்டு கோடை அலைந்தோம். வெயிலுக்குப் பயந்து வயல் பக்கம் போகவில்லை; வீடுகளிலேயே உட்கார்ந்து கேட்டோம். எனக்குக் கடலும் காற்றும் தெரியும், வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேடம் கேட்பார், நான் எழுதுவேன். நிலம் எங்கே என்று கேட்டால், பாண்டிப் பக்கத்து ஊரில் பாதிப்பேருக்கு மேல் மேல்வெளி என்றார்கள். மேல்வெளி என்றால் எந்தப் பக்கம் என்று ஒருமுறை நான் கேட்டேன். மேடம் சிரித்தார். "எங்க அத்தா மொபெட்டுல பின்னால ஒக்காந்து மேல்வெளி நெல்லு வாங்கப் போனவ நானு. அது இந்த ஊரு வெளிதான். எழுதிக்க" என்றார். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் என்றால் முதல் வேலையாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போய் நில வரைபடம் கேட்டிருப்பார். மேடம் இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். அதனால் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் வந்தது. மேடத்தின் பெயருக்குக் கீழே என் பெயர். அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப்போன மாலையை நான் மறக்க மாட்டேன். அம்மா கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். "இதுல எதுடி உம் பேரு?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். மறுநாள் கரையில் ஏலம் தொடங்கும் முன்பே குப்பம் முழுவதும் செய்தி தெரிந்திருந்தது. கல்லூரியில் பொருளியல் சார், "மேடம், இந்த வாட்டி குழுவுல எந்தப் பக்கம்னு கேக்க முடியாது" என்றார். அதில் கிண்டல் இல்லை. மூன்றாவது நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது.

மேடத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடமே திரும்பப் போய், எழுதியதைத் தமிழில் சொல்லிவிட்டு வருவார். நம்மிடம் பேசியவர்களுக்கு நாம் என்ன எழுதினோம் என்று தெரிய வேண்டாமா என்பார். கல்லூரியில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த வழக்கப்படிதான் மழை விட்ட அந்த முற்பகலில் போனோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, எங்களுக்கு முதலில் பதில் சொன்ன விவசாயி ஒருவர், நடவு நன்றாக வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று மேல்வெளிக்கு அழைத்துப் போனார். வாய்க்காலைத் தாண்டியதும் மேடத்தின் நடை நின்றது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த கம்பங்களில் எண் ஒரு விதமாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துக் கம்பத்தில் எழுத்தும் வேறு, நிறமும் வேறு. அதிலிருந்துதான் மோட்டார் கொட்டகைக்குக் கம்பி போனது.

"இந்த மோட்டாருக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது?" என்று மேடம் கேட்டார்.

"கடலூர் பக்கத்துலேர்ந்துதான் மேடம். நெலம் அந்தப் பக்கத்து நெலமாச்சே."

"மேல்வெளி பூராவுமா?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட பூராவும். எங்களுக்கு ஓட்டு பாண்டி, வரப்பு கடலூரு." அவர் சிரித்தார். அந்த ஊரில் பலமுறை சொல்லிப் பழகிய நகைச்சுவை அது என்று தெரிந்தது.

"வெள்ளத்துல பயிர் போனா நிவாரணம்?"

"அதுக்கும் அந்தாண்டதான் அலையணும். நாலு நாள் கூலி அதுலயே போயிடும்."

"நீங்க இத எங்ககிட்ட சொல்லவேயில்லயே."

"நீங்க கேக்கவேயில்லயே மேடம்" என்றார் அவர். குற்றம் சொல்லும் தொனியே அதில் இல்லை.

திரும்பும் பேருந்தில் மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாகூர் ஏரிக்கரை தாண்டும்வரை, உறையிலிருந்து இதழை எடுத்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எனக்குப் புரியும்படி, வகுப்பில் சொல்வதைவிட நிதானமாகச் சொன்னார். நெல்லை வைத்திருக்கத் துணிந்தவர்கள் என்று நாங்கள் எழுதியவர்களில் பெரும்பாலோர் மேல்வெளிக்காரர்கள். அவர்கள் நிலத்துக்குப் பாண்டி அரசு எதுவும் செய்வதில்லை. அவர்களுக்கு அரசு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அலைய வேண்டிய தூரத்தில் இருக்கிறது. ஆகவே அரசின் நெருக்கத்தால் துணிவு வந்தது என்று சொல்ல இடமில்லை. கட்டுரையில் எண்களெல்லாம் சரி. காரணம்தான் தப்பு, கட்டுரையே அந்தக் காரணம்தான். "ரெண்டு டிபார்ட்மெண்டும் என்ன எந்தப் பக்கம்னு கேட்டுக்கினே இருந்தாங்க இல்ல? இப்ப நான் ஒரு வெளியவே எந்தப் பக்கம்னு கேக்காம எழுதியிருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கும்போது, "வாபஸ் வாங்கணும்மா. உம் பேரும் இருக்குது. யோசிச்சிச் சொல்லு" என்றார்.

பொருளியல் சாரிடம் மறுநாள் மேடமே போய்ச் சொன்னார். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "மேடம், அந்தக் குழுவுல இருக்கறவங்க யாரும் வரப்புல எறங்க மாட்டாங்க. எறங்கினா செருப்பு போயிடும். நேர்காணல் முடியட்டும். அப்புறம் பொறுமையா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?" என்றார். அவர் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. ஒரு நல்ல சக ஊழியர் சொல்வதைத்தான் சொன்னார். மேடம், "யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் கஷ்டமா இருக்குது" என்றார். ஓய்வு பெற அவருக்கு அதிகக் காலம் இல்லை. அடுத்த நேர்காணல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் வீட்டில் சொன்னபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிவாள்மனையிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார். "அழிக்கறதுன்னா இன்னாடி? ஊரு பூரா சொல்லிட்டேனே." அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அம்மா ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று பொருள். இரண்டு நாள் கழித்து, கூடையைக் காவலாளியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கல்லூரிக்குள் நேராகப் பொருளியல் துறை அறைக்கு வந்து நின்றார். நான் பதறி எழுந்தேன். மேடம் என்னைக் கையமர்த்திவிட்டு, "ஒக்காருங்க அக்கா" என்றார்.

"வேணாம் மேடம். மேலெல்லாம் மீன் நாத்தம். நாற்காலி வீணாயிடும்."

"நெல்லு மூட்ட மேல ஒக்காந்து படிச்சவ நானு. நாற்காலிக்கு ஒண்ணும் ஆவாது. ஒக்காருங்க."

அம்மா விளிம்பில் உட்கார்ந்தார். "எங்க வம்சத்துல எல்லாம் கைநாட்டுதான் மேடம். கல்யாணம்னா பத்திரிகையில பேரு அடிப்பாங்க. செத்தா போஸ்டர்ல அடிப்பாங்க. ரெண்டும் இல்லாம அச்சுல ஏறின பேரு இவளுதுதான். அத எடுக்கப் போறீங்களாமே."

"ஆமாக்கா. அதுல எழுதினது தப்பு."

"பொய் எழுதினீங்களா?"

"பொய்யில்ல. தெரியும்னு நெனச்சிக்கினு கேக்காம எழுதிட்டேன். அந்தத் தப்பு என்னுது."

"தப்பு உங்களுதுன்னா உங்க பேர எடுத்துக்கங்க. எம் பொண்ணு பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

மேடம் அதற்குக் கோபப்படவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, வியாபாரம் பேசுகிறவர்போலத் தணிந்த குரலில், "என் பேர எடுத்துட்டா அந்தத் தப்பு மொத்தமும் உங்க பொண்ணு பேர்ல நிக்கும் அக்கா. நாளைக்கு எவனாவது வரப்புல எறங்கிப் பாத்தான்னா, இவளத்தான் கேப்பான்" என்றார்.

அம்மா இதை யோசித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மேசைமேல் இருந்த இதழைப் பார்த்தார். "அப்படீன்னா எடுத்துடுங்க" என்று எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பி, "திருப்பி எழுதும்போது போடுவீங்களா?" என்றார். மேடம் தலையசைத்தார். "மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போனார். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இரண்டு நாள் மீன் வாடை இருந்தது. மேடம் அதைத் துடைக்கச் சொல்லவில்லை.

நானும் சரி என்றேன். இதழுக்கு எழுதிய கடிதத்தை மேடம் அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். நிலத்தின் எல்லையைச் சரிபார்க்காத பொறுப்பு முதல் ஆசிரியரான தன்னுடையது மட்டுமே என்று அதில் இருந்தது. அதன் பிறகு நேர்காணலுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். அன்று மாலை வில்லியனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் எதிர்பாராமல் அவரைப் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "கட்டுரையப் பத்திக் கேட்டாங்க. வாபஸ் வாங்கிட்டேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. சொன்னேன். நல்லா டீ குடுத்தாங்க." அவ்வளவுதான். அந்தப் பதவி அவருக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நேர்காணலும் நடக்கவில்லை. இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவை எந்தத் துறை நடத்துவது என்று சிறிய குழப்பம் வந்தது. கடைசியில் இரண்டு துறையும் சேர்ந்து தாழ்வாரத்திலேயே நாற்காலி போட்டு நடத்தின. பொருளியல் சார் பேச எழுந்து, வழக்கமான கேள்வியைக் கேட்கப்போனவர், பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓய்வுக்கு முன்பும் பின்பும் அந்த இரண்டு ஊர்களையும் நாங்கள் மறுபடி நடந்தோம். இந்த முறை வீட்டு வாசலில் தொடங்கி வயல் வரப்பில் முடித்தோம். ஒவ்வொரு நிலமும் எந்தப் பக்கம் என்பதை நிலத்தில் நின்றே கேட்டோம். மேடத்துக்கு அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வரப்பில் உட்கார்ந்துகொண்டு, நீ போய்க் கேள் என்பார். சில நாள், நான் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். கடைசியில் கிடைத்த விடை மிகச் சாதாரணமாக இருந்தது. நெல்லை வைத்திருக்கத் துணிந்த வீடுகளில் யாராவது ஒருவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. பிள்ளையார்குப்பம் மருத்துவமனையில் வார்டு வேலை, ஏதோ கம்பெனியில் காவல் வேலை, அப்படி ஏதாவது ஒன்று. முதல் தேதி பணம் வரும் என்று தெரிந்த வீடு களத்தில் நெல்லைத் தள்ளுவதில்லை. அது பாண்டியா கடலூரா என்பது அந்த நெல்லுக்குத் தெரியாது. அரசு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தோம். வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த சம்பளத்தைக் கேட்காமல் விட்டிருந்தோம்.

முன்பு சொன்னது தவறு என்ற முதல் வரியோடு ஒரு சிறு கட்டுரை எழுதினோம். பெரிய இதழ்கள் எடுக்கவில்லை. சிறிய இதழ் ஒன்றில் வந்தது. அதை மேற்கோள் காட்டியவர்கள் இதுவரை யாரும் இல்லை. அதில் என் பெயர் முதலில், மேடத்தின் பெயர் இரண்டாவதாக. அச்சுக்குப் போகும்வரை அவர் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "மேல இருக்கறது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "அந்தம்மா?" கீழே இருந்த வரியைக் காட்டினேன். அம்மா அந்த வரியிலும் விரலை வைத்துப் பார்த்தார். "தப்புக்கு அவங்க பேரு, திருத்தறதுக்கு உம் பேரா?" என்றார். பிறகு இதழை மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கரையில் இம்முறை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் துறையில் இருக்கிறேன். நேர்காணலில் என்னிடமும் உங்கள் பாடம் எது என்று கேட்டார்கள். வாபஸ் வாங்கிய கட்டுரையை என் விவரக் குறிப்பில் நானே எழுதியிருந்தேன். அதை ஏன் எழுதினீர்கள், விட்டிருக்கலாமே என்றார் ஒருவர். அங்கிருந்துதான் என் படிப்பு தொடங்கியது என்று சொல்லி, மேல்வெளிக் கதையை முழுவதும் சொன்னேன். கேட்டவர்கள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்தது. கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது வகுப்புக் கணக்கில், அதுவும் பல மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் வந்த பணம், இப்போது மாதாமாதம் வருகிறது. இதை மேடத்திடம் தொலைபேசியில் சொன்னபோது, "நல்லது. இப்ப உங்க வூடும் நம்ம கட்டுரையில வந்துடுச்சு" என்றார். நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அதுதான் அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு.

மழைக்காலம் முடிந்த ஒரு நாளில் அவர் தம்பி வீட்டிலிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா அப்போது விற்பனைக்குக் கிளம்பிப் பாதி வழியில் இருந்தார். ஒரு வார்த்தையும் கேட்காமல் அப்படியே வில்லியனூருக்கு வந்துவிட்டார். மீன் கூடையைத் தெருமுனைக் கடையில் இறக்கி வைத்து, குழாயில் கையும் முகமும் கழுவிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஓரமாக உட்கார்ந்தோம். மேடத்தின் தம்பி மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அவங்க ரூம்ல புஸ்தகம் ரெண்டு அலமாரி இருக்குதுங்க. எது எந்தப் பாடம்னு எங்களுக்குப் பிரிக்கத் தெரியல. ஒரு நாள் வந்து பிரிச்சுக் குடுங்க" என்றார். பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆண்கள் தூக்கிக்கொண்டு போகும்வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடையில் ஐஸ் கரைந்து, பாதிக் கானாங்கெளுத்தி அப்படியே இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "மொத்தமா சேத்துப் பாதி வெலைக்குக் குடுத்துட்டுப் போ ஆயா. இதுக்கு மேல எவ வாங்குவா?" என்றாள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு அப்படிக் கேட்டால், அம்மா கேட்ட விலைக்கே கூடையோடு கவிழ்த்துக் கொடுத்துவிட்டு வருவார். மறுநாள் ஏலத்துக்குக் கையில் பணம் வேண்டும். அன்று அம்மா துணியை இழுத்து மூடினார்.

"வேணாம்மா. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி உப்பு போட்டுக் காய வெச்சிக்கறேன்."

"ராங்கியப் பாரு. நாறிப் போறதுக்கு வித்தா இன்னா?"

"எம் பொண்ணுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துடும்டி" என்றார் அம்மா. அவ்வளவு நேரம் அழாமல் இருந்த நான், கூடையைப் பிடித்துக்கொண்டு அந்த நிறுத்தத்தில் அழுதேன். மேடத்துக்காகத்தான் அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அது சரிதான்.